ஆட்டிசமும் தனி ஈடுபாடுகளும்: நிலைப்பது, வந்து போவது, இரண்டையும் கையாள்வது

கைவிளக்கு (கேள்வி)

வணக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும், பெரியவர்களான பிறகு தங்களுக்கு ஆட்டிசம் என்று அறிந்தவர்களுக்கும் ஒரு சிறு கையேடு தயாராகிறது. அதில் தனி ஈடுபாடு பற்றிய பகுதி மட்டும் இன்னும் உருப்படியாக அமையவில்லை. ரயில், டைனோசர், மின்விசிறி, எழுத்துரு, காளான், நாட்டுக்கொடி என்று ஏதாவது ஒன்றில் மனம் மொத்தமும் போய் உட்கார்ந்துகொள்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். வழக்கமான கையேடுகளில் இதற்கு இரண்டே வரிகள்: ஆர்வத்தை ஊக்குவியுங்கள், நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

எனக்குத் திடமான பதில் வேண்டிய இடங்கள் இவை. ஒரு ஈடுபாடு வாழ்நாள் முழுக்க நிற்குமா, ஒரு மாதத்தில் போய்விடுமா என்று தொடக்கத்திலேயே தெரியுமா? தெரியாது என்றால் பொருள் வாங்குவதையும் சேர்த்து வைப்பதையும் எப்படித் திட்டமிடுவது? மூழ்கியிருப்பவரை அழுகையோ சண்டையோ இல்லாமல் வெளியே கொண்டுவருவது எப்படி? "இன்னும் 5 நிமிடம்" என்று சொல்வது ஏன் பெரும்பாலும் வேலை செய்வதில்லை? நேற்றுவரை உயிராக இருந்த ஒன்று இன்று கண்ணிலேயே படவில்லை என்றால் அது இயல்பா, கவலைப்பட வேண்டியதா? கடைசியாக, இதற்கும் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் எல்லை எங்கே?

பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம். செய்முறை வேண்டும்.

---

நூல்கண்டு

முதல் கேள்விக்கு நேர் பதில்: தெரியாது. மூன்று வாரத்தில் வடிந்துபோகும் ஈடுபாடும் முப்பது வருடம் நிற்கும் ஈடுபாடும் முதல் வாரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். தொடக்க வேகத்தை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது. மனநல மருத்துவர்களின் நோயறி கையேடான டி.எஸ்.எம்-5 கூட (2013) ஈடுபாட்டின் தீவிரத்தையும் குறுகலையும்தான் பார்க்கிறது. இத்தனை நாள் நிற்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் வைக்கவில்லை. ஆகவே "அடிக்கடி மாறுகிறது, அப்படியானால் ஆட்டிசமாக இருக்காது" என்று யாராவது சொன்னால் அது தவறு.

இன்னொரு தவறும் பரவலாக இருக்கிறது. பொருள் வினோதமாக இருந்தால்தான் தனி ஈடுபாடு என்று நினைப்பது. குதிரை, பாடகர், தொடர்கதை போன்ற சாதாரணப் பொருள்கள் என்றால் யாரும் கவனிப்பதில்லை. பெண் குழந்தைகள் பலர் கண்டறியப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பார்க்க வேண்டியது ஆழத்தை. ஒரு பாடகரைப் பிடிக்கும் என்பது வேறு. அவருடைய ஒவ்வொரு பாட்டும் பதிவான தேதி, நீளம், பின்னணி வாசித்தவர்கள் என்று அட்டவணை போட்டு வைத்திருப்பது வேறு.

வளர்ந்தவர்களிலும் இது சாதாரணம். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 687 ஆட்டிசப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்குத் தனி ஈடுபாடு உண்டு என்றார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றுக்கு மேல். அதே ஆய்வில் கையேட்டுக்கு முக்கியமான இன்னொரு செய்தியும் உண்டு. ஈடுபாட்டின் மீதுள்ள உள்ளார்ந்த விருப்பம் மனநிறைவோடு சேர்ந்து போனது. ஆனால் மிகமிக அதிகமான தீவிரம் குறைந்த மனநிறைவோடு சேர்ந்து வந்தது. இதை "தீவிரம் கெடுதல் செய்கிறது" என்று படிக்க அவசரப்பட வேண்டாம். வாழ்க்கை நெருக்கும்போது பிடி இறுகுவதாலும் அப்படி வரலாம்.

இப்போது செய்முறை. பொருளைப் பார்க்காதீர்கள், பொருளோடு அவர் *என்ன செய்கிறார்* என்று பாருங்கள். பொருள் மாறும், செயல் பெரும்பாலும் மாறாது. மின்தூக்கி, பிறகு ரயில், பிறகு கடிகாரம் என்று போகும் குழந்தை வெளிப்பார்வைக்கு மூன்று ஈடுபாடுகளைக் கைவிட்டதுபோல் தெரியும். உண்மையில் அது ஒன்றையேதான் பிடித்துக்கொண்டிருக்கிறது: விதிப்படி நகர்ந்து, சொன்ன இடத்தில் நிற்கும் இயந்திரம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் ஏடு போதும். ஒரு ஈடுபாட்டுக்கு ஒரு வரி. தொடங்கிய மாதம், பொருள், செயல், மங்கிய மாதம், அடுத்து வந்தது என ஐந்து கட்டங்கள். செயல் என்ற கட்டத்தில் வினைச்சொல்லை மட்டும் எழுத வேண்டும்: அடுக்குகிறார், எண்ணுகிறார், வரைகிறார், பிரிக்கிறார், பெயர் சொல்கிறார், சுழல்வதைப் பார்க்கிறார், ஒலியைத் திரும்பக் கேட்கிறார். நான்கைந்து வரி சேர்ந்ததும் அந்தக் கட்டத்தில் ஒரே வினை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பெரியவர்கள் தங்களுக்கே இந்த ஏட்டை எழுதலாம். பழையவற்றை நினைவிலிருந்து எழுதினாலும் பயன்படும், மாதம் தப்பினாலும் பரவாயில்லை.

வாங்குவதை இந்த வினைதான் முடிவு செய்ய வேண்டும். அடுக்குபவருக்கு அறைகள் பிரித்த பெட்டி, பட்டியல் போடுபவருக்கு அட்டைகள், உற்றுப் பார்ப்பவருக்கு 10 மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி, பிரிப்பவருக்கு நல்ல திருப்புளித் தொகுதி. ஈடுபாடு காளானிலிருந்து கல்லுக்குப் போனாலும் கைக்கண்ணாடி கூடவே போகும்.

பொருளுக்கென்றே ஆகும் செலவைப் படிப்படியாக வைக்கலாம். முதல் இரண்டு வாரம் காசில்லாமல் கிடைப்பவை: இரவல் நூல்கள், படங்கள், தாள், வரைதல். ஒரு மாதம் தாண்டினால் ஓர் அடிப்படைக் கருவி. மூன்று மாதம் தாண்டினால் அந்தத் துறைக்கே உரிய விலைகூடிய பொருள். இந்த நாள்களை வீட்டு நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள், படிகளை விடாதீர்கள். "இதுவும் ரெண்டு வாரம்தானே" என்று வாய்விட்டு மட்டும் சொல்லாதீர்கள். காத்திருப்பது பணத்துக்கான விதி. அந்த ஈடுபாடு உண்மையானதா என்று பார்க்கும் பரீட்சையாக அது ஒலித்துவிடக் கூடாது. இரண்டு வாரமே நின்றாலும் அந்த இரண்டு வார மகிழ்ச்சி முழுமையானது, அதில் கற்றதும் எங்கும் போய்விடாது.

பெரியவர்களுக்கு ஒரு குறிப்பு: வாங்க நினைப்பதைத் தேதியோடு பட்டியலில் எழுதி 30 நாள் வையுங்கள். பல நேரம் தேடுவதும் ஒப்பிடுவதும்தான் ஈடுபாடு. பொருள் கைக்கு வந்ததும் அது முடிந்துவிடும். பட்டியல் அந்தத் தேடலைக் காசில்லாமல் நீட்டித்துக் கொடுக்கும்.

மங்கியவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். தனி ஈடுபாடுகளில் வந்து போய்த் திரும்ப வருபவை நிறைய. சில பல வருடம் உறங்கிவிட்டு அதே வேகத்தில் எழும். ஈடுபாட்டுக்கு ஒரு மூடியுள்ள பெட்டி. வெளியே உள்ளடக்கப் பட்டியலும் மூடிய மாதமும். இடம் போதாவிட்டால் எதைக் கழிப்பது என்று உரியவர்தான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்த பிறகு. அடுக்கி வைத்த வரிசையைத் துடைப்பதற்காக நகர்த்த நேர்ந்தால் முதலில் படம் எடுங்கள், துடைத்ததும் அப்படியே திரும்ப வையுங்கள். வரிசைதான் அவருடைய வேலை. வரிசையைக் கலைத்தால் எழுதி முடித்த பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

---

கடிகாரமுள்

வெளியே கொண்டுவரும் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நூல்கண்டு சொன்னதில் எதற்கும் மறுப்பில்லை.

அடிப்படை இது. டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005-ல் எழுதிய கட்டுரையில் ஆட்டிசத்தை "மோனோட்ரோபிசம்" என்ற சொல்லால் விளக்கினார்கள். தமிழில் ஒருமுனைக் கவனம் எனலாம். எல்லோருக்கும் கவனம் ஓர் அளவுதான். பலர் அதைப் பல வாய்க்கால்களில் பிரித்து விடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவரிடம் அது ஒன்றிரண்டு வாய்க்கால்களில் மொத்தமாகப் பாய்கிறது. பாயும்போது மற்ற வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும்: பெயர் சொல்லிக் கூப்பிட்டது, பசி, சிறுநீர் முட்டுவது, மணி ஆனது எதுவும் எட்டாது. வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருப்பதில்லை.

இதைப் புரிந்துகொண்டால் "5 நிமிடம்" ஏன் தோற்கிறது என்று தெரிந்துவிடும். 5 நிமிடம் கடிகாரத்தின் அளவு. செய்யும் வேலை அந்த அளவில் வெட்டுப்படாது. பாதிக் கிணறு தாண்டிக்கொண்டிருப்பவரிடம் நில் என்கிறோம். மணிச்சத்தமோ திடீரென்று வந்து விழும் அதிர்ச்சி. விட்டால் இழை அறுந்துபோகும் என்ற பயம் வேறு. அடுத்து எங்கே போக வேண்டும் என்பதும் மங்கலாக இருக்கிறது. இத்தனையும் ஒரே நொடியில் சேர்ந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

மாற்று வழி இப்படி:

முதலில், 15 நிமிடம் முன்னதாகப் பக்கத்தில் போய் உட்காருங்கள். தூரத்திலிருந்து கத்த வேண்டாம். அவர் பார்ப்பதை நீங்களும் பாருங்கள், அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள். கவனத்துக்குள் நுழைய அதுதான் வாசல். பிறகு 10 நொடி சும்மா இருங்கள். பேச்சு உள்ளே போய்ச் சேர அவ்வளவு நேரம் வேண்டியிருக்கும்; பதில் வராததைக் கண்டு அதே கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்டால் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து, "எப்போது நிறுத்துவாய்" என்று கேட்காமல் "எந்த இடத்தில் நிறுத்தலாம்" என்று கேளுங்கள். அத்தியாய முடிவு, வரைபடத்தில் ஒரு வரிசை, ரயில் ஒரு சுற்று முடிவது. இயல்பான முற்றுப்புள்ளி எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். பேச்சு வராதவர் என்றால் நீங்களே சில நாள் கவனித்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து விரலால் காட்டலாம்.

நிறுத்திய உடனே *தொடர்ச்சிச் சீட்டு*. கையளவு தாளில் மூன்றே வரிகள்: எங்கே நின்றது, திரும்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எத்தனை மணிக்குத் திரும்புவது. எழுத வராதவருக்கு நின்ற இடத்தின் புகைப்படம் போதும். இந்தச் சீட்டு இழை அறுந்துபோகாது என்ற உறுதியைக் கையில் கொடுக்கிறது. அதில் எழுதிய நேரத்தை நீங்கள் காப்பாற்ற வேண்டும். முடியாமல் போனால் அந்த நேரம் வருவதற்கு *முன்பே* புது நேரத்தைச் சொல்லிவிடுங்கள். இரண்டு முறை ஏமாற்றினால் சீட்டு வெறும் தாள்.

பிறகு உடம்பு. எழுந்ததும் கழிப்பறை, தண்ணீர், நாலு அடி நடை. உடம்பின் குரல் இவ்வளவு நேரம் கேட்கவில்லை, இப்போது எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும்; எரிச்சலில் பாதி வெறும் பசியாக இருக்கும். ஈடுபாட்டின் ஒரு சிறு பொருளைக் கையோடு எடுத்துப்போக விடுங்கள். மூழ்கலிலிருந்து வெளிவந்த கையோடு மிகவும் பிடிக்காத வேலையை வைக்காதீர்கள். நடுவில் ஒரு நடுநிலையான வேலை இருக்கட்டும்.

நேரத்தைத் துண்டு போடுவது பற்றி. நாளுக்கு 90 நிமிடம் கொடுக்க முடியும் என்றால் ஒரே கட்டமாகக் கொடுங்கள். 30 நிமிடமாக மூன்று முறை கொடுப்பது நியாயமாகத் தெரியும், ஆனால் உள்ளே போகவே 10-15 நிமிடம் ஆகிவிடும், வெளியேறும் வலி மூன்று முறை வரும். கட்டுப்பாடு என்ற பெயரில் செய்யப்படுவதில் அதிகம் பிசகுவது இதுதான்.

தனியாக வாழும் பெரியவர்களுக்கு: தொடங்கும் முன்பே தண்ணீர், சாப்பாடு, மருந்து, கழிப்பறை முடித்துவிட்டு உட்காருங்கள். இரண்டு எச்சரிக்கை மணிகள் வையுங்கள். முதலாவது கையில் அதிர்வாக, முற்றுப்புள்ளியைத் தேடச் சொல்வதற்கு. இரண்டாவது அறையின் மறுகோடியில், உடம்பு எழுந்தால்தான் நிறுத்த முடியும் என்ற இடத்தில். ஒரே மணியை மூன்றாம் நாள் கை தானாக அணைத்துவிடும், அதனால் ஒலியையும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள். இரவில் கடைசி முக்கால் மணி நேரம் புதிதாக எதையும் படிக்காமல், ஏற்கெனவே உள்ளதை அடுக்குவது, பெயர் ஒட்டுவது, துடைத்து வைப்பது என்று வைத்துக்கொண்டால் ஈடுபாட்டை விடாமலேயே தூக்கத்துக்குப் போகலாம். புதுச் செய்தி அடுத்த செய்தியைத் தேட வைக்கும். அடுக்குவதற்கு ஒரு முடிவு உண்டு.

---

அகத்திரை

எல்லைகள் பற்றி மட்டும்.

ஓ.சி.டி.யில் எண்ணம் வேண்டாத விருந்தாளி. செய்வது பயத்தைத் தணிக்க. தனி ஈடுபாட்டில் எண்ணம் வேண்டி அழைத்தது, செய்வது சுவைக்காக. வரிசையாக அடுக்குவது இரண்டிலும் இருக்கலாம், அதனால் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "கெட்டது ஏதோ நடக்கும்" என்றால் ஓ.சி.டி. பக்கம். "இன்னும் முடியலையே", "எனக்கு இது பிடிக்கும்" என்றால் ஈடுபாடு. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே பொருளிலேயே இருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்போது ஓ.சி.டி. பகுதிக்கு மட்டும் சிகிச்சை, ஈடுபாட்டைத் தொடக்கூடாது.

மேனியா எனப்படும் மனக்கிளர்ச்சி நோயோடும் குழப்புவார்கள். அதில் தூக்கம் குறைந்தும் களைப்பு வராது, திட்டங்கள் பல திசையில் பறக்கும், அந்த ஆளின் வழக்கத்துக்கே மாறாக இருக்கும். ஈடுபாட்டால் தூக்கம் கெட்டவர் மறுநாள் வாடிப்போவார். ஈடுபாடுகள் மிக வேகமாக மாறினால் கவனம் நிலைக்காத ஏ.டி.எச்.டி. என்ற நிலையும் கூட இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 2013-க்கு முன் டி.எஸ்.எம். விதிப்படி இரண்டையும் ஒருவருக்கே எழுத முடியாது. டி.எஸ்.எம்-5 அந்தத் தடையை எடுத்தது. அந்தக் காலத்தில் ஒன்று மட்டும் எழுதப்பட்டவர்களில் பலர் இன்னும் அந்த ஒன்றோடே இருக்கிறார்கள்.

மறைந்துபோகும் ஈடுபாடு: ஒன்று மங்கி இன்னொன்று எழுந்தால் இயல்பு. இடைவெளியில் சில நாள் வெறுமையும் துக்கமும் இருக்கும், அதுவும் இயல்புதான். வேறு பொம்மையை நீட்டி அவசரமாக நிரப்ப வேண்டாம். எல்லா ஈடுபாடும் ஒரே சமயத்தில் அணைந்து, கூடவே தீராத சோர்வு, செய்துவந்த வேலைகள்கூடக் கைநழுவுவது, ஒலியும் ஒளியும் தாங்க முடியாமல் போவது என்று வந்தால் அது ஆட்டிசச் சோர்வு. மாதக்கணக்கில் நீடிக்கும். சுமையைக் குறைப்பதுதான் முதல் மருந்து. ஈடுபாடு திரும்ப எட்டிப் பார்ப்பது மீட்சியின் அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் சுவையில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, நம்பிக்கையற்ற பேச்சு வருகிறது என்றால் மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விடுவது பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே.

மருத்துவர் "ஆர்வம் குறைந்துவிட்டதா?" என்று கேட்டால் "இல்லை" என்று பதில் வரும், ஏனென்றால் ஆட்டிசம் உள்ளவர் இன்னமும் நாள் முழுக்க அதையேதான் செய்கிறார். சரியான கேள்வி, அதில் இன்னும் சுவை இருக்கிறதா, அல்லது மற்றதெல்லாம் கேட்காமல் இருக்கக் காதைப் பொத்திக்கொள்வதுபோல் செய்கிறாரா என்பது.

இன்னொன்று. ஈடுபாடு போகவே இல்லை, ஒளிந்துகொண்டது என்றும் இருக்கலாம். கேலி செய்யப்பட்ட ஈடுபாடு கதவுக்குப் பின்னால் போய்விடும். வெளியில் விட்டுவிட்டார் என்று மகிழ்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

---

கைவிளக்கு

மூவருக்கும் நன்றி. ஏடும் சீட்டும் அப்படியே கையேட்டில் போகின்றன. இன்னும் இரண்டு கேள்விகள். பாடத்தில் ஈடுபாட்டைச் சேர்க்கச் சொல்கிறோம், ஆசிரியர்கள் பலர் "செய்து பார்த்தோம், பலனில்லை" என்கிறார்கள். ஏன்? அடுத்தது, ஈடுபாடு ஆபத்தான பொருளாகவோ ஒரு மனிதராகவோ இருந்தால்?

---

மெதுநடை

பலனில்லாமல் போவதற்கு முதல் காரணம், அது வெறும் ஒட்டுப்படமாக இருப்பது. கூட்டல் கணக்குத் தாளின் மூலையில் ரயில் படம் ஒட்டினால் அது ரயில் பாடம் ஆகிவிடாது. அந்தக் குழந்தை படத்தைப் பார்க்கும், இந்த இன்ஜின் அந்தப் பெட்டிகளை இழுக்காதே என்று சரியாகவே சொல்லும், ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாது என்ற முடிவுக்கு வரும். அதோடு முடிந்தது.

ஈடுபாட்டுக்குள்ளேயே இருக்கும் கேள்வியை எடுங்கள். ரயிலில் அது கால அட்டவணை: 60-ஐ அடியாகக் கொண்ட கழித்தல், வேகம், தூரம், தாமதம். மின்விசிறியில் கோணமும் நிமிடச் சுற்றும். டைனோசர் என்றால் அளவுகோல். சுவரில் 2.52 மீட்டர் நாடாவை ஒட்டி, 1 செ.மீ. என்பது 10 லட்சம் வருடம் என்று வையுங்கள். ஒரு முனை இன்று, மறுமுனை டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலத்தின் தொடக்கம். 66 செ.மீ.யில் டைனோசர்களின் அழிவு, டைரனோசரஸ் ரெக்ஸ் அதற்குச் சற்றே முன். ஸ்டெகோசரஸ் 150 செ.மீ.க்குப் பக்கத்தில். ரெக்ஸுக்கு ஸ்டெகோசரஸைவிட நாம்தான் நெருக்கம் என்பதை அந்தக் குழந்தை தானே கழித்துக் கண்டுபிடிக்கும். மனிதனுக்கு 3 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். பின்னமும் தசமமும் விகிதமும் அந்த ஒரு நாடாவிலேயே வந்துவிடுகின்றன.

ஆட்டிசம் உள்ள அமெரிக்க அறிவியலாளர் டெம்பிள் கிராண்டினின் கதை இங்கே பொருந்தும். மாடுகளை அழுத்திப் பிடிக்கும் கூண்டின் மீது இளவயதில் அவருக்கு இருந்த பிடிப்பைப் பெரியவர்கள் பலர் ஒழிக்கப் பார்த்தார்கள். அவருடைய அறிவியல் ஆசிரியர் மட்டும் அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்று ஆராயச் சொன்னார். ஈடுபாடு அப்படியே இருந்தது, அதற்குள் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. அவர் பிறகு கால்நடைக் கூடங்களை வடிவமைக்கும் வல்லுநர் ஆனார்.

இரண்டாவது காரணம், தாவல். ரயிலிலிருந்து நேராகத் தொழிற்புரட்சிக்குப் போய்விடுவார்கள். ஒரு முறைக்கு ஓர் அடிதான். குழந்தை ஏற்கெனவே உற்றுப் பார்க்கும் பண்பின் வழியாக நகருங்கள்: துணி துவைக்கும் இயந்திரத்தில் சுழற்சியைப் பார்க்கிறது என்றால் அடுத்தது பம்பரம், பிறகு ராட்டினம், பிறகு பூமி. முகத்தைத் திருப்பினால் ஓர் அடி பின்னே வாருங்கள்.

மூன்றாவது, ஈடுபாட்டைக் கூலியாக்குவது. "கணக்கை முடித்தால் ரயில்." இது வேலை செய்யும். ஈடுபாட்டை வெகுமதியாக வைத்தால் நடத்தை மாறும் என்று 1990-களிலேயே ஆய்வுகள் காட்டின. ஆனால் ஈடுபாடு அந்தக் குழந்தை தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழியும்கூட. மிகவும் கலங்கிய நாளில்தான் கணக்கு முடியாது, அன்றுதான் ரயிலும் கிடைக்காது. எனவே தினமும் ஒரு பகுதி நிபந்தனையே இல்லாமல் கிடைக்க வேண்டும். கூடுதலாக வேண்டுமானால் வெகுமதி வைத்துக்கொள்ளுங்கள். தண்டனையாகப் பறிப்பது கூடவே கூடாது.

சேர்ந்து விளையாடுவதற்கு ஒரு நல்ல மாதிரி 1998-ல் வெளிவந்த ஆய்வில் இருக்கிறது: வரைபடங்களில் ஈடுபாடு உள்ள குழந்தைக்காக விளையாட்டுத் தரையில் பெரிய வரைபடம் வரைந்து அதன்மேல் ஓடிப்பிடித்து விளையாட வைத்தார்கள். விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. களம் அவனுடையது. அந்த அமைப்பை அப்படியே வேறு எதற்கும் எடுக்கலாம்.

பேச்சைப் பற்றி: "2 நிமிடத்துக்கு மேல் டைனோசர் பேசாதே" என்று பயிற்சி கொடுப்பதை விடுங்கள். கேட்பவர் தன் அளவைச் சொல்லட்டும்: "இப்போது 10 நிமிடம் கேட்கிறேன், மீதி மாலை 6 மணிக்கு." அதே ஈடுபாடு உள்ள இன்னொரு ஆட்டிசக் குழந்தையோடு உட்கார வையுங்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறுவதில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. இருவரும் மாறி மாறி உரையாற்றுவது நமக்கு விசித்திரமாகத் தெரியலாம். அவர்களுக்கு அது நல்ல உரையாடல்.

பேசாத குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் பேச்சுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் கருவியில் "வேண்டும்", "போதும்", "கழிப்பறை" மட்டும் இருக்கும். ஈடுபாட்டுக்கென்று 20-30 சொற்களைப் போடுங்கள்: அந்தப் பொருள்களின் சரியான பெயர்கள், கூடவே "பார்", "புதுசு", "வேறு", "அது தப்பு", "ஏன்". கேட்க மட்டுமே பயன்பட்ட கருவியில் கருத்துச் சொல்ல வழி பிறப்பது அங்கேதான்.

---

கடிகாரமுள்

ஆபத்தான பொருள் பற்றிச் சுருக்கமாக. முதலில் எந்தப் பண்பு இழுக்கிறது என்று பாருங்கள். தீ என்றால் ஆடும் வடிவமா, வெப்பமா, பொருள் உருமாறுவதா? வடிவம் என்றால் மின்சுடர் விளக்கும் காணொளியும் போதும். உருமாற்றம் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்கும் சோதனை, நேரம் குறித்து. "தொடாதே" மட்டும் சொன்னால் அது ஆள் இல்லாத இடத்துக்குப் போகும். பாதுகாப்பான வழி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

மின்சாரம் என்றால் சாதாரண பேட்டரியில் ஓடும், 12 வோல்ட்டுக்கு மேற்படாத சுற்றுகள் மட்டும். சுவர் மின்சாரம் எந்த வயதிலும் கற்றவர் இல்லாமல் கூடாது. பழைய கருவிகளைப் பிரிக்கக் கொடுக்கும் முன் மின்கம்பியை வெட்டி எடுத்துவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய்த் தொலைக்காட்சியையும் கொடுக்கவே கூடாது. இணைப்பை எடுத்த பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். பொருள்களை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் பொத்தான் பேட்டரியும் சிறு காந்தங்களும் வீட்டில் வேண்டாம். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கும். ஒன்றுக்கு மேல் விழுங்கிய காந்தங்கள் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வலிக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மனிதர் மீதான ஈடுபாடு: குறிப்பால் உணர்த்தினால் போய்ச் சேராது, விதியாகவே சொல்லுங்கள். இரண்டு செய்திக்குப் பதில் இல்லை என்றால் அவர் எழுதும்வரை மூன்றாவது இல்லை. அழைக்காமல் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போவதில்லை. அவர் பொதுவில் சொன்னதை மட்டும் தெரிந்துகொள்ளலாம். தேடித் துருவி எடுத்ததைச் சேர்த்து வைப்பதில்லை. அவர் வேண்டாம் என்றால் அதோடு நிற்க வேண்டும். இதைச் சொல்லும்போது அசிங்கப்படுத்தாதீர்கள், ஏனென்றால் அந்தப் பிடிப்பில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. அந்த மனிதர் *செய்யும்* வேலை ஒன்று இருக்கும்: பாட்டு, ஆட்டம், கற்பித்தல். மனதைத் திருப்ப இடம் அங்கேதான்.

---

நூல்கண்டு

கையேட்டில் சீட்டின் மாதிரியை அச்சிடும்போது மூன்றாவது வரியில் "பிறகு" என்றோ "நாளைக்கு" என்றோ போட்டுவிடாதீர்கள். "மாலை 5:30" என்று எண்ணாகவே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் முள் வரையாத ஒரு வெற்றுக் கடிகார முகமும். மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கு முள்ளை நீங்கள் வரைந்து கொடுக்கலாம்.